தொட்டால் ஒரு பக்கம், விட்டால் ஒரு பக்கம்

"இந்த மீட்டர் முள்ளு ஏன் தொட்டா ஒரு பக்கம் போகுது, விட்டா இன்னொரு பக்கம் போகுது?"

அண்ணி இதைக் கேட்டபோது அவள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கையில் டீ டம்ளர் இருந்தது. தலைமுடியில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்கப்பட்டவள் மீட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அந்தப் பட்டறையில் அவளிடம் அதுவரை கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் ஒரே ரகம். முடிஞ்சுதா? இன்னுமா முடியல? ஸ்குரூ டிரைவரை எங்கடி வெச்சே? ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அவளை எல்லோரும் நூலு என்றுதான் கூப்பிட்டார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருந்தாள், பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போகிற மாதிரி. ஆனால் பெயர் வந்தது உடம்பால் அல்ல, வேலையால். வீட்டின் கீழ்ப்பகுதியே பட்டறை. வெல்டிங் செட், ஸ்டெபிலைசர் என்று எங்கெங்கோ கருகிப்போன டிரான்ஸ்ஃபார்மர்கள் அங்கே வந்து சேரும். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு அண்ணன் புதுக் கம்பி சுற்றுவான். அம்மா முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வேலை வாங்கி வைப்பாள், உள்ளே இருப்பவர்களிடமும் வேலை வாங்குவாள். சுற்றி முடிந்த கம்பிச்சுருளில், அதாவது காயிலில், எந்த முனை தொடக்கம், எந்த முனை முடிவு என்று சோதித்து, தொடக்க முனையில் சிவப்பு நூல் கட்டுவது நூலுவின் பொறுப்பு. அந்த நூல் இடம் மாறினால் டிரான்ஸ்ஃபார்மர் கொண்டுபோன இடத்தில் மறுபடியும் கருகும். பிறகு வாடிக்கையாளரின் முகமும் கருகும்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையல்ல. ஒரே இரும்பில் இரண்டு காயில்கள் இருக்கும். ஒன்றில் பேட்டரியின் கம்பியைச் சும்மா தொட வேண்டும். மற்றொன்றில் மீட்டர் மாட்டியிருக்கும். தொட்டவுடன் மீட்டரின் முள் ஒரு பக்கம் துள்ளிவிட்டு நடுவுக்கு வந்துவிடும். கையை எடுத்தால் எதிர்ப்பக்கம் துள்ளும். தொடும்போது எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதை வைத்துத்தான் நூல்.

அண்ணி டம்ளரோடு அங்கேயே நின்றாள். பதில் வராமல் நகரமாட்டாள் போலிருந்தது.

"அது வந்து..." என்றாள் நூலு. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "காயிலுக்கு மாற்றம்னா பிடிக்காது, அண்ணி."

"பிடிக்காதா?"

"பேட்டரியைத் தொட்டா அந்தக் காயில்ல காந்தம் வரும். வந்ததும் இந்தக் காயில் 'வராதே'ன்னு எதிர்த்து ஒரு கரண்ட்டை விடும். அதான் முள்ளு துள்ளுது. பேட்டரியை எடுத்தா காந்தம் போகும்ல, உடனே 'போகாதே'ன்னு பிடிச்சு இழுக்கும். அப்ப கரண்ட் திசை மாறிடும்."

"சரி, வந்து நல்லா உட்கார்ந்துட்ட பிறகு?"

"அப்ப ஒண்ணுமே இல்ல. முள்ளு நடுவுல நிக்கும். காந்தம் உள்ள இருக்கறதே அதுக்குத் தெரியாது."

மாடியில் அம்மா எதையோ இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. அண்ணி கூரையை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப எனக்கு இங்க 'வராதே' நடந்துட்டிருக்கு. அப்படித்தானே?" என்றாள்.

நூலுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்து முடித்த பிறகுதான் தான் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

பேச்சுதான் அவளுக்கு வராதே தவிர, பாடம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்தும் எழுந்து நின்று கண்ணீர் விட்ட ஒரே பெண் அவள்தான். அந்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். பட்டறையில் ஒரு கை குறைந்தது. "வாயே திறக்காத பொண்ணுக்குப் படிப்பு எதுக்கு? கைதானே வேணும், கீழே வந்து உட்காரட்டும்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். எதிர்த்துப் பேச நூலுவுக்கு வாய் வரவில்லை. அதையே அம்மா சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அண்ணி வந்த கதை வேறு. ஓர் அச்சகத்தில் இயந்திரத்தின் டிரான்ஸ்ஃபார்மரைச் சரிபார்க்கப் போன அண்ணன், அங்கே பைண்டிங்கில் வேலை பார்த்தவளைப் பார்த்துவிட்டு வந்தான். சரியாகப் போய்விட்ட டிரான்ஸ்ஃபார்மரை அதற்குப் பிறகும் பலமுறை பார்க்கப் போனான். விஷயம் தெரிந்ததும் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். கல்யாணம் ஆகி வந்த பிறகோ, வந்தவளின் பெயரை வாயில் வைக்கவே மாட்டேன் என்று இருந்தாள். "வந்தவ" என்பாள். வந்தவ குளிச்சாச்சா? வந்தவ துணி தனியா காயட்டும். அண்ணி கூட்டிய தரையைத் திரும்பவும் கூட்டுவாள். அண்ணி கழுவிய பாத்திரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தேய்ப்பாள். கல்யாணமான ஜோடிக்கு, காயில்களுக்குப் பூசிய வார்னிஷைக் காயவைக்கும் அடுப்புக்கு நேர் மேலே மாடியில் இருந்த பின்னறையைத்தான் ஒதுக்கினாள். சன்னல் கிடையாது. மெத்தையில்கூட வார்னிஷ் வாடை அடித்தது.

அண்ணன் இரண்டு பக்கமும் ஒரே மருந்தை ஊற்றினான். பெண்டாட்டியிடம், "அம்மா அப்படித்தான், நீ கண்டுக்காதே" என்பான். அம்மாவிடம், "அவ அப்படித்தான்மா, நீங்க கண்டுக்காதீங்க" என்பான். அத்தோடு தன் கடமை முடிந்தது என்று டீக்கடைக்குப் போய்விடுவான்.

சமையலறையில் கால்வைக்க முடியாதவளுக்குப் பட்டறைதான் மிச்சம். அண்ணி கீழே வந்து நூலுவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். வாயும் கையும் ஒரே வேகம். முதலில் கம்பியின் மேல்பூச்சான எனாமலைச் சுரண்டக் கற்றாள், பிறகு காயிலுக்குள் இரும்புத் தகடு அடுக்க, பிறகு முள் பார்க்க. அச்சகத்தில் காகிதம் எண்ணிய விரல்கள் மெல்லிய கம்பியை அறுக்காமல் பிடித்தன. "தோ போச்சு, தோ வந்துச்சு, தோ நின்னுச்சு" என்று பந்தயத்துக்கு வர்ணனை சொல்வதுபோல் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நூல் கட்டுவாள். நூலு சிரித்துச் சிரித்துக் கம்பியை அறுத்துவிடுவாள்.

"அத்தை கேட்டா நான்தான் அறுத்தேன்னு சொல்லிடு. எனக்கு எப்படியும் திட்டு உண்டு, கணக்கோட கணக்கா போகட்டும்" என்பாள் அண்ணி.

நூலுவுக்குப் போன் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். "ஹலோன்னு சொல்லு. செத்துட மாட்டே. செத்தா நான் பொறுப்பு." முதல்முறை ஹலோ சொல்லிவிட்டு நூலு போனை அண்ணியிடம் தள்ளினாள். பிறகு பிறகு, "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்பதுவரை தேறினாள். கேள்விகளும் ஓயவில்லை. தகட்டை ஏன் துண்டுதுண்டாக அடுக்க வேண்டும், ஒரே கட்டி இரும்பு போதாதா? பேட்டரியைப் பிடுங்கும்போது மட்டும் ஏன் விரலில் சுரீர் என்கிறது? ஒவ்வொன்றுக்கும் பதில் யோசித்துக்கொண்டு படுப்பதும், காலையில் அதைச் சொல்ல எழுந்திருப்பதும் நூலுவுக்கு வழக்கமாகிவிட்டன. அந்த வீட்டில் காலைப் பொழுது விடியவேண்டும் என்று அவள் விரும்பியது அந்த நாட்களில்தான்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. அம்மாவின் எதிர்ப்பும் ஓய்ந்தது. பிடித்துப்போனதால் அல்ல, பழகிப்போனதால். திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. தட்டில் சாப்பாடு விழுந்தது, அவ்வளவுதான். அண்ணி அந்த வீட்டில் ஓர் அலமாரிபோல இருந்தாள். கீழே இரண்டு பெண்களும் வேலையை முடித்துவிடுவதால் அண்ணனின் டீக்கடை நேரம் நீண்டுகொண்டே போனது.

அப்போதுதான் சூப்பர்வைசர் வந்தாள். பக்கத்து ஊரில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. ஆகிருதியான பெண். இடுப்பில் சாவிக்கொத்து. பழைய கருவி ஒன்றை அவசரமாகச் சுற்றித்தர வேண்டும் என்று நேரிலேயே வந்திருந்தாள். அம்மாவோடு பேசிக்கொண்டே அவள் கண் உள்ளே அண்ணியின் கை மேல் போனது. எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கம்மா கத்துக்கிட்டே?"

"இங்கதான். இவகிட்ட" என்று அண்ணி எதிரே கை காட்டினாள். எதிரே ஸ்டூல்தான் இருந்தது. புது ஆள் வந்ததும் நூலு அடுப்புக்குப் பின்னால் போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த தகடுகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் சிரித்தாள். "சோதனைப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. எனக்கு வேகமான கை வேணும். மாசக் கடைசியில வா, மூணு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி கொடுப்பேன், முனையைக் குறிச்சுக் காட்டணும். சரியா இருந்தா வேலை. தங்கறதுக்கு அறையும் உண்டு."

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அண்ணி விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "அம்மா என்ன சொல்றாங்களோ" என்றான்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அம்மா சொன்னப்புறம் சொல்றேன்."

"நீங்களும் வாங்க. அங்க சுத்தறதுக்கும் ஆள் எடுக்கறாங்களாம்."

"நான் போயிட்டா பட்டறையை யார் பார்ப்பா?"

"இப்ப மட்டும் யார் பார்க்கறா?" என்று அண்ணி கேட்டாள். அண்ணனுக்குப் புரையேறியது.

அம்மா தட்டை ஓரமாகத் தள்ளினாள். கை கழுவிவிட்டு எழுந்தாள். ஆனால் மறுநாள் காலை வீடு தலைகீழாக இருந்தது. "கண்ணு, டீ ஆறிடப் போகுது" என்று ஒரு குரல் கேட்டது. யாரை என்று தெரியாமல் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா டம்ளரை அண்ணியின் கையில் வைத்தாள். மத்தியானத்துக்குள் தெருவைப் பார்த்த சன்னல் அறையைக் காலிசெய்து, தன் கட்டிலைத் தானே பின்னறைக்கு இழுத்துப்போனாள். "அந்த வாடையில என் மருமக எத்தனை நாள் படுப்பா?" என்று வாடிக்கையாளர் ஒருவரிடம் முறையிட்டாள். அண்ணியின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். "எனக்கு நீயும் ஒரு பொண்ணுதான். இவ பேசாமடந்தை, நீ போயிட்டா இந்த வீட்டுல எனக்குப் பேச யாரு இருக்கா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை நாள் அவள் அண்ணியோடு பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு வாக்கியத்தின் நீளம் வராது.

கீழே வந்து ஸ்டூலில் உட்கார்ந்த அண்ணி, தலையிலிருந்து வழிந்த எண்ணெயைக் கையால் வழித்தாள்.

"நூலு, இப்ப 'போகாதே' ஆரம்பிச்சுடுச்சுடி."

நூலு தலையாட்டினாள்.

"வந்தப்ப இதுல பாதி கெடைச்சிருந்தா நான் மாடியிலயே இருந்திருப்பேன். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அந்த சூப்பர்வைசர் அம்மா கண்ணுலயும் பட்டிருக்க மாட்டேன்." கையில் இருந்த எண்ணெயைப் பழந்துணியில் துடைத்தாள். "இது பாசமா?"

"இல்ல அண்ணி. வெறும் எதிர்ப்பு" என்றாள் நூலு. அவ்வளவு தெளிவாக அவள் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. தன் அம்மாவைப் பற்றி இப்படித் துல்லியமாகச் சொல்ல முடிந்ததில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சோதனைக்குப் பழக ஆரம்பித்தார்கள். அண்ணி முதுகைக் காட்டி உட்காருவாள். நூலு முனைகளைக் கலைத்துப் போடுவாள். அண்ணி திரும்பி, பேட்டரியைத் தொட்டு, முள்ளைப் பார்த்து நூல் கட்டுவாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. "இடது பக்கம் துள்ளினா சிவப்பு, இடது பக்கம் துள்ளினா சிவப்பு" என்று படியேறும்போதும் பாடிக்கொண்டே போனாள்.

அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் நூலு மீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். ஏனென்றால், உலகத்தில் வேறெங்கும் அது இடது பக்கம் அல்ல. வலது பக்கம்.

அந்தப் பட்டறை மீட்டரின் முனைகள் ஒருமுறை கழன்றுபோயின. அப்பா உயிரோடு இருந்தபோது நடந்தது. அவர் திரும்பப் பற்றவைக்கும்போது சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன. அன்றிலிருந்து முள் எதிர்ப்பக்கம் துள்ளியது. அவர் அதைப் பிரித்துச் சரிசெய்வதற்குப் பதிலாகத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். இடது என்றால் தொடக்கம் என்பது அந்தப் பட்டறையின் சட்டமாயிற்று. நூலு ஸ்டூலில் உட்கார்ந்த புதிதில், பள்ளிக்கூடத்துப் பாடத்துக்கும் இந்த முள்ளுக்கும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்பி, காரணத்தையும் கண்டுபிடித்தாள். எச்சில் விழுங்கி விழுங்கி அண்ணனிடம் சொன்னாள். "நம்ம கடை முள்ளுக்கு இடது கைப் பழக்கம், விடு" என்று சிரித்தான் அவன். அம்மா காதில் விழுந்ததும், "அவர் கை வெச்சதை யாரும் பிரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். பிரிக்கவும் அவசியமில்லை. பட்டறைக்குள் எல்லோருக்கும் ஒரே சட்டம், எல்லா நூலும் சரியான முனையில்தான் இருந்தது.

அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தபோது நூலு சட்டத்தைச் சொன்னாள், கதையைச் சொல்லவில்லை. அப்போது அதில் வஞ்சகம் எதுவும் கிடையாது. அவள் இந்த மீட்டரைத் தவிர வேறொன்றைத் தொடப்போகிறாள் என்று யார் கண்டார்கள்?

இப்போது சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி. "அண்ணி, நம்ம மீட்டர் தலைகீழ், அங்க வலது பக்கம்தான் சிவப்பு." இவ்வளவுதான். காலையில் சொல்லலாம் என்று நினைப்பாள். காலையில் அண்ணி சிரித்துக்கொண்டே இறங்கி வருவாள். இந்தச் சிரிப்பு இந்தப் படியில் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தோன்றும். சாயங்காலம் சொல்லலாம் என்று ஒத்திப்போடுவாள். எதிரே காலியான ஸ்டூல், போன் அடித்தால் எடுக்கச் சொல்லித் தள்ள ஆள் இல்லாத பட்டறை, முடிஞ்சுதா இன்னுமா முடியல என்கிற கேள்விகள். அதெல்லாம் அவள் கண்முன் வந்து நிற்கும்.

"நான் போய் அங்க காலூனிக்கிட்டா உன்னையும் இழுத்துக்கறேன்" என்றாள் அண்ணி ஒருநாள். "அந்த அம்மாகிட்ட நானே பேசறேன். நீ வாயைத் திறக்கவே வேண்டாம், கையை மட்டும் காட்டினாப் போதும்."

நூலு நம்பவில்லை. போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தாள். அம்மா அழுகிறாள், அரற்றுகிறாள், எண்ணெய் தேய்க்கிறாள். எல்லோர் கண்ணிலும் படுகிறது. தான் ஒன்றுமே செய்யவில்லை, சும்மாதான் இருக்கிறோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சும்மா இருப்பது அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. அதைப் போய் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

போகிற நாள் வந்தது. அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான், ஆனால் எடுக்கவில்லை. அம்மா மாடியில் தலைவலி என்று படுத்துவிட்டாள். அண்ணி பட்டறை வாசலில் நின்று, நூலுவின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"எதையாவது மறந்துட்டேனா? நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ சரின்னா எனக்குப் பயமில்ல."

அந்த ஒரு வரி தொண்டைவரை வந்தது. பல்லுக்குப் பின்னால் நின்றது. நூலு இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப போயிட்டு வரேன்" என்று அண்ணி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பொழுது சாயும்போது திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள். "கெடைக்கல" என்றாள். அம்மாவுக்குத் தலைவலி பறந்துவிட்டது. "போனாப் போகுது கண்ணு. அவங்களுக்குக் கொடுத்து வைக்கல" என்று இரண்டு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தாள். ராத்திரிச் சாப்பாட்டையும் தானே பரிமாறினாள்.

மறுநாள் காலை டீ வரவில்லை. அண்ணி குளித்துவிட்டு வந்தபோது சன்னல் அறையில் அம்மாவின் கட்டில் திரும்ப வந்திருந்தது. "பின்னறையில எனக்கு மூச்சு முட்டுது. வந்தவளுக்குத்தான் அது பழக்கமாச்சே" என்று அம்மா அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். போவது நின்றதும் பாசமும் நின்றுவிட்டது.

அண்ணி கீழே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வர்ணனை இல்லை, பாட்டு இல்லை. பழைய பெட்டி ஒன்றை எடுத்து, பேட்டரியைத் தொட்டு, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு தப்பா இருந்தா கை தவறிடுச்சுன்னு வெச்சுக்கலாம். மூணுமே தலைகீழ், நூலு. அங்க ஓடிக்கிட்டிருக்கிற ஒண்ணோட என் பெட்டியைச் சேர்த்தாங்க. ஃபியூஸ் வெடிச்சுது. ரெண்டாவதைச் சேர்த்தாங்க, அதுவும் வெடிச்சுது. மூணாவதைச் சேர்க்கவே இல்ல. வேலைக்கு வந்த மத்த பொண்ணுங்க முன்னாடி நான் நூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்." பேட்டரியைக் கீழே வைத்தாள். "அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்ல. 'இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண யாராலயும் முடியாது. நீ எந்த மீட்டர்ல பழகினே?'ன்னு மட்டும் கேட்டாங்க."

அவள் கை ஸ்குரூ டிரைவரைத் தேடியது. மீட்டரைக் கவிழ்த்துப் பின்மூடியின் திருகில் வைத்தபோது அண்ணன் டீ டம்ளரோடு உள்ளே வந்தான்.

"ஏய் ஏய், அதைப் பிரிக்காதே. அம்மா கத்துவாங்க. அதுக்கு ஒண்ணும் இல்ல, இடது கைப் பழக்கம். அப்பா மாத்திப் பத்தவெச்சுட்டாரு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன, எல்லாருக்கும் தெரியும். கண்டுபிடிச்சதே நூலுதான். அப்பவே! ஒன்பதாங்கிளாஸ் மூளைன்னா சும்மாவா?" தங்கையின் தலையில் செல்லமாகத் தட்டினான். "ஏன், உனக்கு இவ சொல்லலையா?"

இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வெளியே யாரோ கூப்பிட்டதுபோல் பாவனை செய்துகொண்டு போய்விட்டான்.

அண்ணி ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அண்ணி அதை ஏற்றுக்கொண்டிருப்பாள். ஏற்றுக்கொள்ளத்தான் அப்படிக் கேட்டாள். ஆனால் நூலுவின் தலை இல்லையென்று ஆடியது.

"பின்னே?"

"நீங்க போயிட்டா..."

"போயிட்டா?"

"என்கிட்ட கேள்வி கேக்க யாரும் இல்ல."

அண்ணி அவளைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் நூலு தாங்கியிருப்பாள். முன்பின் தெரியாத ஆளைப் பஸ்ஸில் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"உங்கம்மா வாயைத் திறந்து தடுத்தாங்க. நானும் வாயைத் திறந்து பதில் சொன்னேன். நீ வாயே திறக்காம தடுத்துட்டே. அதுக்கு நான் என்னடி பதில் சொல்றது?"

அன்றைக்கு மிச்சமிருந்த வேலையை அவள் முடித்தாள். எல்லா முனைகளிலும் நூல் கட்டினாள், பட்டறையின் சட்டப்படியே. பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சோதனைப் பிரிவின் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்களாம். பேக்கிங்கில் ஆள் வேண்டுமாம். பெட்டியில் வைக்கோல் திணித்து ஆணி அடிக்கிற வேலை, தங்க அறை கிடையாது, சம்மதமா என்று சூப்பர்வைசர் கேட்டாள். சம்மதம் என்றாள் அண்ணி. அந்தத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குகிற பெண்களோடு சேர்ந்துகொள்வதாகச் சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"அம்மா..." என்று ஆரம்பித்தான் அவன்.

"என்ன சொல்றாங்கன்னு எனக்கே தெரியும்" என்றாள்.

விடிந்ததும் டீ வந்தது. "கண்ணு" வந்தது. சன்னல் அறையிலிருந்து கட்டில் மறுபடியும் நகர்ந்தது. அதன் கால்கள் தரையில் கிறீச்சிட்ட சத்தம் தெருவரை கேட்டிருக்கும். பாவம், அந்தக் கட்டிலுக்கு வாய் இருந்தால் என்ன சொல்லியிருக்குமோ. அம்மா படியின் குறுக்கே உட்கார்ந்து அழுதாள். அண்ணி அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். அண்ணன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தான்.

நூலு பட்டறை வாசலில் நின்றிருந்தாள். ராத்திரி முழுக்க ஒரு வாக்கியத்தைச் செதுக்கி வைத்திருந்தாள். அண்ணி அருகில் வந்ததும் அது உடைந்து கொட்டியது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் குரல் உயர்ந்தது.

"அண்ணி, அங்க கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் டெஸ்ட் வைக்கச் சொல்லுங்க. எந்த மீட்டரா இருந்தாலும் முதல்ல அதோட முள்ளு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துக்குங்க. வலது பக்கம் துள்ளினாத்தான் சிவப்பு. தொடும்போது. விடும்போது இல்ல. நான் வேணும்னா வந்து அந்த அம்மாகிட்ட சொல்றேன். நானே சொல்றேன். தப்பு உங்களோடது இல்லன்னு நானே பேசறேன், அண்ணி."

அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசியதிலேயே அதுதான் நீளமானது. சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. சொல்ல வேண்டிய நாள்தான் போய்விட்டது.

அண்ணி பையைக் கீழே வைத்தாள். நூலு ஓர் அடி முன்னால் வந்தாள். ஆனால் அண்ணி குனிந்தது செருப்பு வாரை இழுத்து மாட்டத்தான். மாட்டிவிட்டுப் பையை எடுத்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். தெருவில் இறங்கினாள். முனையில் சரக்கு லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு வழியை அடைத்து நின்றது. அது நகரும்வரை நின்றாள், முதுகைக் காட்டியபடி, ஒரு கையால் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு. லாரி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.